இடப்பக்கம் இரண்டு புள்ளி

1981 ஆகஸ்ட் 3, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பள்ளி ஆஸ்பத்திரி நர்ஸ் தங்கபாய் சிஸ்டர் எழுதுகிறார். என் வாயில் வருகிற மாதிரி எழுதாமல், புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"எழுதுதேன் அண்ணே. ஆனா ஒண்ணு. நீங்க வாயைத் தொறந்து சொல்லீட்டா அது நோட்டுல ஏறும். பொறவு அடிச்சு விடுங்கன்னு சொல்லப்பிடாது" என்றார். நாகர்கோவில் பேச்சு. இந்த மலைக்கு வந்து இருபது வருஷமாகியும் மாறவில்லை.

இன்றைக்கு நடந்ததற்கு நாளைக்கு யாராவது சாட்சி கேட்பார்கள், தேதி போட்டு வைத்துக்கொள்வோம் என்பது சிஸ்டரின் யோசனை.

என் பெயர் நஞ்சன். ஹார்டேல் பள்ளியின் தோபி. எனக்கு முன் என் அப்பன், அவனுக்கு முன் அவன் அப்பன். பள்ளிக்கு நூற்றிருபது வயது. மேட்டு உச்சியில் கல்லுக் கோயிலும் மணிக்கூண்டும். நடுவில் பையன்கள் தங்கும் நான்கு ஹவுஸ். அதற்குக் கீழே நீச்சல் டேங்க், குத்துச்சண்டைக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் கீழே, ஓடையை ஒட்டி, என் தோபிகானா. பக்கத்திலேயே உலர் அறை. மழை மாதத்தில் நானூறு பையன்களின் துணி காய வேண்டுமே என்று வெள்ளைக்காரன் கட்டியது. சுவர் நெடுக நீராவிக் குழாய் ஓடும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது.

காலையில் கதவைத் திறந்தேன். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கால் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். ஏழாம் வகுப்பு ஃபிரோஸ். தலை முழுக்க ஒரு வெள்ளைச் சட்டையால் மூடி, சட்டைக் கைகளைக் கழுத்தில் இறுக்கி முடிந்திருந்தது. வெள்ளை எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு ரத்தம். முடிச்சு அவிழவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு எண்பத்திரண்டு படி ஏறினேன். சிஸ்டர் கத்தரியால் வெட்டி எடுத்தார். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. முன்பல் நான்கு இல்லை. இடது கண் இருந்த இடத்தில் கத்தரிக்காய் மாதிரி ஒரு வீக்கம்.

பையன்கள் இதை "சட்டை போடுறது" என்பார்கள். பெரியவன் சின்னவனுக்குக் கொடுக்கும் தண்டனை. அடிவாங்குகிறவனின் சட்டையைக் கழற்றி அவன் தலையிலேயே மாட்டி அடிப்பார்கள். அடித்தவன் யாரென்று அவனால் சொல்ல முடியாது. துரைகள் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் ஃபிரோஸின் சட்டை அவன் உடம்பில்தான் இருந்தது. தலையில் இருந்தது வேறு சட்டை, பெரிய அளவு. ஏதோ வெறியில் அடித்தவன் தன்னுடையதையே கழற்றி மாட்டிவிட்டான்.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நான்கு ஹவுஸ் கேப்டன்களும் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் சட்டையின் கழுத்துப்பட்டையை நீட்டினார்.

"நஞ்சா, இது யார் குறி?"

பார்த்தேன். ஒரு கோடு, இடப்பக்கம் இரண்டு புள்ளி.

"லிங்கனுதுங்க."

பதினோராம் வகுப்பு லிங்கன். பக்கத்து மலைக் கிராமத்து உருளைக்கிழங்கு விவசாயி மகன். பரீட்சை எழுதி ஜெயித்து, சம்பளம் இல்லாமல் படிக்கிறவன். ஃபிரோஸ் இருக்கும் ஹவுஸில்தான் அவனும்.

ஐம்பத்தைந்து வருஷமாகக் குறி போடுகிறேன். ஒரு சட்டை ஆள் மாறிப் போனதில்லை. 1931இல் படித்த பையனின் குறியைக் கேட்டாலும் சொல்வேன்.

1981 ஆகஸ்ட் 4, செவ்வாய்

மழை. படுக்கை விரிப்பு நூற்றுத் தொண்ணூறு. வெள்ளாவி இரண்டு முறை வைத்தேன்.

குத்துச்சண்டைக் கொட்டகையில் பெரிய வகுப்புப் பையன்களை நிற்கவைத்து லிங்கனுக்குப் பிரம்படி கொடுத்தார்கள். பன்னிரண்டு. மதியம் அவன் கால்சட்டை எனக்கு வந்தது. ஊறப் போட்டேன். தண்ணீரை மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது.

"நான் இல்ல சார், நான் இல்ல சார்" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னானாம். சமையல்காரர் சொன்னார். எட்டாவது அடிக்குப் பிறகு சொல்லவில்லையாம்.

1981 ஆகஸ்ட் 5, புதன்

மழை. விசேஷம் ஒன்றும் இல்லை.

1981 ஆகஸ்ட் 6, வியாழன்

நேற்று விசேஷம் இருந்தது. நான்தான் சொல்லவில்லை.

நேற்று மதியம் டேங்க் படிக்கட்டில் ஹவுஸ் பையன்கள் ஏழெட்டுப் பேர் லிங்கனைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவனை அடித்தவனுக்குச் சட்டை போடுகிறோம் என்று ஆரம்பித்தார்கள். தலையை மூடி, தண்ணீரில் அமுக்கி, எடுத்து, அடித்து, மறுபடி அமுக்கி. எண்ணிக்கை சொன்னவன் அந்த ஹவுஸின் கேப்டன் ஜெயசிம்மன். கோயம்புத்தூர் மில்காரர் மகன். அப்பா பள்ளிக் கமிட்டியில் இருக்கிறார். ஜெயசிம்மன் யாரையும் தொடவில்லை. படியில் உட்கார்ந்து, மடியில் ஹாக்கி மட்டையை வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தோபிகானா சன்னலிலிருந்து டேங்க் நன்றாகத் தெரியும்.

லிங்கனின் வலது காதில் சவ்வு கிழிந்துவிட்டது. ஃபிரோஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறான். ஒருவனால் பேச முடியாது, ஒருவனுக்குச் சரியாகக் கேட்காது.

இதை எழுதி முடித்துவிட்டு சிஸ்டர் கேட்டார்:

"அண்ணே, குறி எந்தப் பக்கம் போடுவீங்க? சட்டைக்கு வெளியேவா உள்ளேயா?"

"உள்ளே. கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம்."

"எப்படிப் போடுவீங்க?"

சொன்னேன். சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் பால் வரும். அதைத் தொட்டுத் துணியில் கோடும் புள்ளியும் வைப்பேன். மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பாகிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. துணி கிழியும் வரை இருக்கும். கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், என் கட்டைவிரலைப் பாருங்கள்.

"அந்தப் பால் துணியில ஊறி வெளியேயும் தெரியும், இல்லியா?"

"தெரியும்."

"உள்ளே வலப்பக்கம் இருக்கிற புள்ளி, வெளியே இருந்து பாத்தா எந்தப் பக்கம் தெரியும்?"

மழை பலமாகிறது, நான் போகிறேன் என்றேன்.

"ஜெயசிம்மன் குறி என்ன அண்ணே?"

ஈரத்துணி, கண்ணும் மங்கல், என்றேன். இதை எழுதாதீர்கள் என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறார்.

1981 ஆகஸ்ட் 7, வெள்ளி

ஒரு கோடு, வலப்பக்கம் இரண்டு புள்ளி. ஜெயசிம்மன் குறி அது. கேட்டதற்குச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

1981 ஆகஸ்ட் 8, சனி

வலது கை வெந்துவிட்டது. வெள்ளாவிப் பானையின் ஆவி பட்டது. முழங்கை வரை.

சிஸ்டர் மருந்து போட்டுவிட்டு, எப்படி என்று கேட்டார். கால் வழுக்கியது என்றேன். "கள்ளம் சொல்லாதீங்க. கால் வழுக்கி விழுந்தவனுக்கு மணிக்கட்டுல நாலு விரல் தடம் எப்படி வரும்?" என்றார்.

சரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயசிம்மன் வந்தான். கூட இரண்டு பேர்.

"என்ன தோபி, கண்ணு நல்லாத் தெரியுதாமே?"

"தெரியுதுங்க தம்பி."

"எங்கப்பா இருக்கிற கமிட்டி உனக்கு ரிட்டையர்மென்ட் விழா எடுக்கப்போகுது. மாலை எல்லாம் போடுவாங்க. அதுவரைக்கும் கண்ணைப் பத்திரமா வெச்சுக்கோ."

"வெச்சுக்கறனுங்க."

"நர்ஸ் உன்கிட்ட என்ன எழுதுது?"

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே."

சிரித்தான். நன்றாகச் சிரிக்கிற பையன். ஆறாம் வகுப்பில் வந்தபோது வீட்டை நினைத்து அழுது, என் துணி மூட்டையில்தான் படுத்துத் தூங்கினான். பிறகு "இதுக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே பானையின் மூடியை நகர்த்தினான். மற்ற இரண்டு பேரும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கட்டை அவன் பிடித்தான். பத்து எண்ணினான். நிதானமாக எண்ணினான். ஏழு வரைக்கும் நான் சத்தம் போடவில்லை.

"சும்மா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஹெட்மாஸ்டரிடம் கால் வழுக்கியது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

1981 ஆகஸ்ட் 9, ஞாயிறு

மேலே கோயிலில் பாட்டு. கை கொதிக்கிறது. ஒரு கையால் துணி அலசினேன்.

சிஸ்டர் இன்று எதுவும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி உட்கார்ந்தால் எனக்குத் தாங்காது.

என் அப்பனுக்கு இடது கை கிடையாது. இருந்தது, ஆனால் கை இல்லை, தட்டையாக ஏதோ. துணி பிழிகிற உருளை மிஷினில் மாட்டிக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்வோம். நானும் சொல்வேன். என் பெண்டாட்டிக்கும் அப்படித்தான் சொல்லி வைத்தேன், அவள் அதை நம்பியே செத்தாள்.

1929. எனக்குப் பதினேழு வயது. இதேபோல ஒரு சின்னப் பையன், இதேபோல ஒரு சட்டை. அவன் பிழைக்கவில்லை. அப்போது ஹெட்மாஸ்டராக இருந்த துரை கேட்டார், அப்பன் குறியைப் பார்த்துச் சரியான பெயரைச் சொன்னான். பெரிய வீட்டு வெள்ளைக்காரப் பையன். துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தோபிக்குக் கண் சரியில்லை என்று எழுதி மூடிவிட்டார். மறுநாள் மத்தியானம் நான்கு பையன்கள் தோபிகானாவுக்கு வந்தார்கள். இரண்டு பேர் அப்பனைப் பிடித்தார்கள். ஒருவன் அவன் கையை உருளைக்கு நடுவில் வைத்தான். நாலாவது ஆள் என் கழுத்தில் ஹாக்கி மட்டையை வைத்து, கைப்பிடியைச் சுற்றச் சொன்னான்.

சுற்றினேன்.

அப்பன் என்னைப் பார்த்து, "சீக்கிரம் சுத்துடா, மெதுவாச் சுத்தாதே" என்றான். அது மட்டும்தான் சொன்னான். அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன திங்கட்கிழமை வராந்தாவில் ஜெயசிம்மன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஹெட்மாஸ்டர் சட்டையை வெளிப்பக்கமாகக் காட்டினார். பட்டையைத் திருப்பிப் பார்க்க எனக்கு இரண்டு விரல் போதும்.

திருப்பவில்லை.

1981 ஆகஸ்ட் 11, செவ்வாய்

ஃபிரோஸின் அப்பா வாணியம்பாடியிலிருந்து வந்துவிட்டார். தோல் மண்டிக்காரர், பெரிய உடம்பு. மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாத் தூணைக் கையால் குத்தினார். முட்டி கிழிந்து ரத்தம். "எம்புள்ளை சோறு மெல்ல ஆறு மாசம் ஆவுமாம். அவனை எனக்குக் காட்டுங்க. போலீசெல்லாம் பொறவு" என்றார். லிங்கன் உள்ளே அடுத்த கட்டிலில் படுத்திருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிஸ்டர் அவன் முகத்துக்குத் துணித் திரை கட்டிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் வியாழக்கிழமை போலீசைக் கூப்பிடுகிறார். லிங்கனை ஒப்படைத்துவிட்டுப் பெயரையும் நீக்கிவிடுவார்கள்.

லிங்கனின் அப்பா வந்து கேட்டில் நிற்கிறார். கம்பளி போர்த்தி, தலையில் சாக்கு. காவலாளி உள்ளே விடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மழையில் ஒரே இடத்தில் நின்றார். நான் துணி எடுக்கப் போனபோது, "அண்ணா, எம்பையன் கோழி அறுத்தாக்கூடப் பாக்கமாட்டான். குறியை நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அண்ணா என்றார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

1981 ஆகஸ்ட் 12, புதன்

இன்று காலை ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். சிஸ்டர் கூட வந்தார், அந்தச் சட்டையை ஒரு பையில் போட்டு. ஃபிரோஸின் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அது நல்லதாகப் போயிற்று.

"ஐயா, அது லிங்கன் சட்டை இல்லீங்க. ஜெயசிம்மன் சட்டை" என்றேன். பட்டையைத் திருப்பிக் காட்டினேன். உள்பக்கம், வலப்பக்கம், இரண்டு புள்ளி.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். எனக்குப் பயந்தவர்களைப் பார்த்தவுடன் தெரியும்.

"நஞ்சா, உனக்கு வயசாச்சு. அன்னிக்குத் தெரியாம ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே. நாளைக்கு என்ன சொல்லுவே? கோர்ட்ல நின்னா வக்கீல் கேக்கமாட்டானா? கண்ணு சரியில்லைன்னு எழுதிக்குடு, உன்மேல ஒரு தப்பும் வராது. கௌரவமா ரிட்டையர் ஆகலாம். குறி சாட்சியை விட்டுடலாம். லிங்கன் விஷயத்தை ஹவுஸ் கேப்டன் ரிப்போர்ட்ட வெச்சுப் பாத்துக்கறோம்."

ஹவுஸ் கேப்டன் யார்? ஜெயசிம்மன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் மங்கல் என்று நான் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால், என் இரண்டு வார்த்தையும் சேர்ந்து செத்துவிடும். அன்றைக்குச் சொன்னதும் போச்சு, இன்றைக்குச் சொன்னதும் போச்சு.

"என் கண்ணைச் சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

ஃபிரோஸின் அப்பா நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "பாக்கலாமே. நானும் பாக்குறேன்."

ஹவுஸ்களிலிருந்து சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். பெயர்ப் பட்டியலை சிஸ்டர் வைத்துக்கொண்டார். வாணியம்பாடிக்காரரே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உள்பக்கம், வெளிப்பக்கம், தலைகீழாக. ஒன்றைக் கசக்கிக் காட்டினார், ஒன்றை டீயில் நனைத்துக் காட்டினார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். எந்த ஹவுஸ், எந்தப் பையன், எந்த வருஷம் வந்தவன். ஒரு சட்டைக்கு, "இது இவன் அண்ணனுதுங்க, அஞ்சு வருஷம் முன்னாடி போட்ட குறி, தம்பி போட்டுக்கிறான்" என்றேன். சிஸ்டர் பார்த்து ஆமாம் என்றார்.

நாற்பது சட்டை. நாற்பதும் சரி.

ஹெட்மாஸ்டர் கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சவன் அன்னிக்கு எப்படித் தப்பாப் பாத்தே?"

"தப்பாப் பாக்கலீங்க. பொய் சொன்னேன்."

வெந்த கையின் கட்டை அவிழ்த்துக் கையை மேசையில் வைத்து, பிடித்தவர்கள் யார் யார் என்று சொன்னேன். 1929ஐயும் சொன்னேன். அப்பன் கையையும், கைப்பிடியைச் சுற்றியது யார் என்பதையும். இங்கே சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன்.

வாணியம்பாடிக்காரர் என் கழுத்துத் துண்டைப் பிடித்தார். சுவரோடு சேர்த்து வைத்து, "தெரிஞ்சா சொன்னே? தெரிஞ்சா?" என்று கேட்டார். கேட்கும்போதெல்லாம் தலை சுவரில் மோதியது. ஆமாம், ஆமாம் என்றேன். சிஸ்டர் நடுவில் வந்து அவர் கையைக் கடித்துவிட்டார். அதையும் எழுதுங்கள் என்றேன். வெட்கப்படுகிறார். ஆனாலும் எழுதுகிறார்.

1981 ஆகஸ்ட் 13, வியாழன்

போலீஸ் ஜீப் வந்தது. ஜெயசிம்மன் ஏறினான். அவனோடு அந்த இரண்டு பேரும். அவன் அப்பாவின் கார் பின்னாலேயே போனது. திரும்பி வந்துவிடுவான் என்கிறார்கள். வரலாம்.

நேற்று சொல்ல மறந்தது: ஃபிரோஸ் அடிபட்ட ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஹவுஸில் தலை எண்ணி, எல்லோரும் இருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டவன் அவன். அவன் கையெழுத்துப் போடும்போது ஃபிரோஸ் குழாய்க்குப் பின்னால் கிடந்தான்.

1981 ஆகஸ்ட் 14, வெள்ளி

தோபிகானா சன்னல் பதினொன்றும் உடைந்தது. கல். வெள்ளாவிப் பானையைப் புரட்டிவிட்டிருக்கிறார்கள். துவைத்த விரிப்பெல்லாம் சேற்றில், மேலே பூட்ஸ் தடம். மறுபடி துவைத்தேன்.

மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸிலிருந்து காகிதம். சிஸ்டர் படித்துக் காட்டினார். பொய்ச் சாட்சி சொன்ன காரணத்தால் என்று போட்டிருக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை.

1981 ஆகஸ்ட் 16, ஞாயிறு

சிஸ்டர், மெதுவாகத்தான் சொல்ல முடியும். உதடு கிழிந்திருக்கிறது.

லிங்கன் இன்று காலை ஊருக்குப் போனான். ஹெட்மாஸ்டர், மன்னிப்புக் கடிதம் கொடுத்துப் படிப்பைத் தொடரச் சொன்னாராம். லிங்கனின் அப்பா கடிதத்தை வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். லிங்கன் மட்டும் துணி வாங்கத் தோபிகானாவுக்கு வந்தான். வலது காதில் பஞ்சு. ஐந்து சட்டை, மூன்று கால்சட்டை, மடித்து வைத்திருந்தேன்.

கதவருகே நின்றுகொண்டு கேட்டான்:

"நஞ்சண்ணா, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பக்கம் கேக்காது."

"அன்னிக்கே தெரியும்."

"பன்னெண்டு அடி வாங்கறப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"டேங்க்ல?"

"சன்னல்ல நின்னு பாத்தேன்."

துணிக்கட்டைக் கீழே வைத்தான். முதல் அடி கன்னத்தில். இரண்டாவதில் நான் கல்லில் விழுந்தேன். அதற்குப் பிறகு துவைக்கிற கட்டையை எடுத்தான். எங்கே எல்லாம் என்று சொல்ல வேண்டாம், நீங்களே கட்டுப் போட்டீர்கள். அழுதுகொண்டே அடித்தான். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவனாகவே நிறுத்தி, கட்டையைப் போட்டுவிட்டு, ஓடைத் தண்ணீரை எடுத்துவந்து என் வாயைக் கழுவிவிட்டான். துணிக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மதியம் ஹெட்மாஸ்டர் குடையோடு வந்தார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு போலீஸ் கேஸ் என்று நினைத்திருப்பார்.

"யார் அடிச்சது நஞ்சா?"

"தெரியலீங்க."

"உனக்கா தெரியலே? லிங்கன் தோபிகானாப் பக்கம் போனதைக் காவலாளி பாத்திருக்கான். அவன்தானே? பயப்படாம சொல்லு."

"அடிச்சவன் சட்டை போடாம வந்தானுங்க. குறி பாக்க முடியலீங்க."

ஹெட்மாஸ்டர் சன்னலைப் பார்த்தார். வெளியே மழை, மலை தெரியாத அளவுக்குப் பனி. அவரே கம்பளிக் கோட்டுக்கு மேல் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"இந்தக் குளிர்லயா?"

"ஆமாங்க. இந்தக் குளிர்லதான்."